பிஞ்சு வயிற்றுக்கு எவ்வளவு சோறு?

ஆண்டு மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று பேராசிரியர் வகுப்பில் கேட்டபோது, தோழியர் சிலர் கவிதை என்றார்கள். ஒருவர் சிறுகதை என்றார். நான், ‘குழந்தைக்குச் சோறூட்டுவது பற்றி எழுதுகிறேன்’ என்றேன். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களில் மாணவர்களே அதிகம். நாளை அவர்களும் தந்தையராகப் போகிறவர்கள்தாம். ஆகவே அவர்களும் இதைப் படிக்கட்டும்.

விலங்கியல் பயிலும் நான் இப்பொருளுக்கு வந்தது பாடநூலின் வழியாக அன்று. என் அக்கா மகன் வழியாக. தலைப்பிரசவத்துக்கு வந்த அக்கா, அத்தானுக்கு வெளியூர் வேலை என்பதால், எங்களுடனேயே தங்கிவிட்டாள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே கொடுத்தாள். பிறகு நல்ல நாள் பார்த்துக் கோயிலில் சோறூட்டினோம். அன்று முதல் பையனின் உணவு எங்கள் ஆயாவின் பொறுப்பு. கேழ்வரகை வறுத்து அரைத்து, வெள்ளைத் துணியில் சலித்து, நீர்க்கக் கஞ்சி காய்ச்சிக் காலையும் மாலையும் புகட்டுவார். பையனும் மறுக்காமல் குடிப்பான்.

ஆறாம் மாதம் அங்கன்வாடியில் நிறுத்தபோது அவன் எடை 6 கிலோ 800 கிராம். ஏழாம் மாதம் 7 கிலோ 100. எட்டாம் மாதம் 7 கிலோ 200. ஒன்பதாம் மாதமும் அதே 7 கிலோ 200. வளர்ச்சி அட்டையில் மேல்நோக்கிச் செல்ல வேண்டிய கோடு படுத்துவிட்டது. அதற்குச் சற்றுக் கீழேதான் எடைக்குறைவைக் காட்டும் எல்லைக்கோடு.

“தம்பிக்கு என்ன கொடுக்கறீங்க?” என்று கேட்டார் டீச்சர்.

“கஞ்சி கொடுக்கறோம் டீச்சர். வயிறு நிறையத்தான் குடிக்கிறான்” என்றாள் அக்கா. அவள் குரல் கம்மிவிட்டது.

“வயிறு நிறையுது, சரி. எதாலே நிறையுதுன்னு பாரும்மா.”

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுநாள் ஆயாவின் டம்ளரையும் மாவு அள்ளும் சிறு கரண்டியையும் கொஞ்சம் மாவையும் பையில் போட்டுக்கொண்டு கல்லூரிக்கு வந்தேன். வேதியியல் ஆய்வகத்தில் அனுமதி கேட்டு அளந்தேன். டம்ளர் 200 மில்லிலிட்டர் கொண்டது. ஒரு டம்ளர் கஞ்சிக்கு ஆயா போடும் இரண்டு கரண்டி மாவு 8 கிராம். (ஆய்வக உதவியாளர், ‘இது எந்தப் பரிசோதனை அம்மா?’ என்று கேட்டார். ‘வீட்டுப் பரிசோதனை’ என்றேன்.)

இனிக் கணக்கு எளிது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 320 கலோரி உண்டு. 8 கிராமில் ஏறத்தாழ 26 கலோரி. இரு வேளைக்கு 52. தேவையோ வேறு. தாய்ப்பாலைச் சராசரி அளவில் குடிக்கும் குழந்தைக்கு, அப்பாலுக்கு மேல் நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மாதத்தில் சுமார் 200 கலோரியும், ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் சுமார் 300 கலோரியும், ஒரு வயதுக்கு மேல் சுமார் 550 கலோரியும் பிற உணவிலிருந்து வர வேண்டும் என்கிறது உலக நல நிறுவனத்தின் கணக்கு. எங்கள் கஞ்சியில் 200 கலோரி பெற வேண்டுமானால் பையன் நாளுக்கு ஏழெட்டு டம்ளர் குடிக்க வேண்டும்!

அவனால் முடியுமா? சிறு குழந்தையின் இரைப்பை ஒரு வேளைக்கு ஏற்கும் அளவு, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர். 7 கிலோ குழந்தைக்கு 210 மில்லிலிட்டர். ஆயாவின் ஒரு டம்ளர் அவன் வயிற்றை விளிம்பு வரை நிரப்பிவிடுகிறது. நிரம்பிய வயிறு பாலையும் கேட்பதில்லை. நீர் வயிற்றை அடைத்தது. சத்துக்கு இடமில்லாமல் போயிற்று. பையன் பசியால் அழவில்லை என்பதே எங்களை ஏமாற்றியது.

ஆயாவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர் அவர். “கெட்டியாக் கொடுத்தா மாந்தம் வந்துரும் கண்ணு” என்பது அவர் பயம். ஊருக்கு ஒரே கிணறு இருந்த நாளில், மீந்த சோற்றைத் தின்ற குழந்தைகள் வயிற்றுப்போக்கில் மடிந்ததை அவர் கண்ணால் கண்டிருக்கிறார். கொதிக்கக் காய்ச்சிய கஞ்சி அன்றைக்கு ஒரு காவல். ஆனால் காவலுக்கு வேண்டியது கொதியும் கைச்சுத்தமும்தான், நீர்ப்பு அன்று. இதை அவரிடம் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

சரி, எவ்வளவுதான் கொடுப்பது? ஆறு மாதம் முடிந்ததும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி நன்கு மசித்த உணவில் தொடங்கி, எட்டாம் மாதத்துக்குள் 250 மில்லிலிட்டர் கிண்ணத்தில் அரைக் கிண்ணம் வரை கூட்டலாம். நாளுக்கு இரண்டு மூன்று வேளை. ஒன்பதாம் மாதம் முதல் ஒவ்வொரு வேளைக்கும் அரைக் கிண்ணத்துக்குக் குறையாமல் மூன்று நான்கு வேளை; இடையே பசித்தால் ஒரு வாழைப்பழமோ அரை இட்லியோ. ஒரு வயதுக்கு மேல் முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை. தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம். இங்கே ஒரு சொல் குழப்பம் உண்டு. ‘பால் மறக்கடித்தல்’ என்று நம் வீடுகளில் சொல்லுவதால், சோறு தொடங்கினால் பால் நிற்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். ‘இணை உணவு’ என்ற பெயரே பொருத்தம். பாலுக்கு இணையாக வருவது, பாலை விரட்ட வருவது அன்று.

அளவைவிட முக்கியம் பதம். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் வழிந்து ஓடக் கூடாது, அதுதான் பதம். குழைய வேகவைத்த சோறும் பருப்பும் சேர்த்து மசித்து, சிறிது நெய் விட்டால் அரைக் கிண்ணத்தில் ஏறத்தாழ 100 கலோரி கிடைத்துவிடும். ஒரு தேக்கரண்டி நெய்யில் அல்லது எண்ணெயில் மட்டும் சுமார் 40 கலோரி உண்டு என்று கணக்கிட்டபோது நான் திகைத்தேன். ஆயாவின் ஒரு டம்ளர் கஞ்சியைவிட அது அதிகம்!

கலோரி மட்டும் போதாது. பிறக்கும்போது குழந்தை உடலில் சேமித்து வந்த இரும்புச்சத்து ஆறு மாதமளவில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் இரும்பு சொற்பம். எனவே மசித்த கீரை, பருப்பு, உண்பவர் வீடானால் நன்கு வெந்த முட்டை, மீன், ஈரல் எல்லாம் ஆறு மாதத்துக்குப் பின் தரத் தக்கவையே. தேன் மட்டும் ஒரு வயது வரை கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் விதைகள் பிஞ்சுக் குடலில் முளைத்து நஞ்சாகும். உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை தேவையில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஆறு முதல் இருபத்துமூன்று மாதக் குழந்தைகளில் நூற்றுக்குப் பதினொருவர் அளவினரே போதிய வேளையும் போதிய வகைகளும் கொண்ட உணவைப் பெறுகிறார்கள். வறுமை ஒரு காரணம். ஆனால் வறுமை இல்லாத எங்கள் வீட்டிலேயே நடந்ததை மேலே சொல்லிவிட்டேன்.

இனி விலங்கியல் மாணவிக்குப் பிடித்த பகுதி. கேழ்வரகைக் கெட்டியாகக் காய்ச்சினால் ஆறியதும் பசை போல இறுகிக் குழந்தை விழுங்கத் திணறும். மாவுப்பொருள் நீரை உறிஞ்சி உப்புவதே காரணம். தளர்த்த நீர் ஊற்றினால் பழைய கதை. இதற்கு வழி முளைகட்டுதல். தானியம் முளைவிடும்போது அமிலேஸ் என்னும் நொதி பெருகுகிறது. நம் உமிழ்நீரில் இருப்பதாக முதலாண்டில் படித்தோமே, அதே வகை நொதி. அது மாவுப்பொருளின் நீண்ட சங்கிலிகளைத் துண்டிக்கிறது. மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் முளைகட்டிய கேழ்வரகையும் பயறையும் கொண்டு குழந்தை உணவு ஆராயப்பட்டது. பரோடாவில் தாரா கோபால்தாஸ் 1980களில் இந்த முளைமாவைச் சிட்டிகையளவு சேர்த்தாலே கெட்டிக் கூழ் இளகுவதைக் காட்டினார். நானும் செய்து பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கிச் சற்றுச் சூடு தணிந்த கூழில் ஒரு தேக்கரண்டி முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கலந்தேன். சில நிமிடத்தில் கூழ் பாயசப் பதத்துக்கு இளகிற்று. கொதிக்கும்போதே போட்டால் நொதி அழிந்துவிடும். இளகிய பிறகு சுத்தத்துக்காக மீண்டும் ஒரு கொதி விட வேண்டும். நீர் கூட்டாமல் இளகியதைக் கண்ட ஆயா, “இதென்ன மாயம்!” என்றார். கெட்டி உணவுக்கு அவரைச் சம்மதிக்க வைத்தது என் கலோரிக் கணக்கு அன்று, இந்தக் கூழ்தான்.

ஒரு தவற்றையும் சொல்லியாக வேண்டும். ‘அரைக் கிண்ணம்’ என்று படித்துவிட்டு, அதை முடித்தே தீர வேண்டும் என்று முதல் வாரம் பையனின் வாயில் திணித்தவள் நான்தான். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் வாந்தி எடுத்தான். பிறகு இரண்டு நாள் கரண்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பினான். வாயை இறுக மூடுவதும் தலையைத் திருப்புவதும் ‘போதும்’ என்பதற்கு அவனுக்குத் தெரிந்த சொற்கள். அளவை நாம் தட்டில் வைக்கலாம். எவ்வளவு உண்பது என்பதை அவனிடமே விட வேண்டும். அதற்குப் பின் அவனுக்கெனத் தனித்தட்டு வைத்தோம். எல்லார் தட்டிலிருந்தும் ஒவ்வொரு வாய் ஊட்டும்போது எவ்வளவு உண்டான் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

மாதந்தோறும் நிறுத்துப் பார்க்கும் வழக்கம் நம் மாநிலத்தில் புதிதன்று. 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதம் ஒருமுறை நிறுத்து, எடை ஏறாதவர்களுக்கு இணை உணவு வழங்கியது. தராசு சொல்லியிராவிட்டால் நாங்களும் அறிந்திருக்க மாட்டோம்.

பத்தாம் மாதம் பையன் 7 கிலோ 600. பதினொன்றில் காய்ச்சல் வந்து நூறு கிராம் மட்டுமே ஏறினான். உடம்பு தேறிய பின் இரு வாரம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுத்தோம். முதல் பிறந்த நாளன்று 8 கிலோ 300. இன்னும் மெலிந்த பிள்ளைதான். ஆனால் கோடு மேல்நோக்கிச் செல்கிறது. ஆயா மாவு சலித்த வெள்ளைத் துணி இப்போது இட்லித் தட்டில் கிடக்கிறது.