பின்னால் ஏற்றினால் முன்னால் மிதக்கும்!

கடந்த பள்ளி விடுமுறையில் மோட்டர்ஹோம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, குடும்பத்தோடு கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்குப் புறப்பட்டோம். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே. "அதான் இவ்வளவு இடம் இருக்கே" என்று அம்மா அரிசி, மிக்சி, தண்ணீர் போத்தல் பெட்டிகள் எனப் பின்கதவு வழியாக ஏற்றிக்கொண்டே இருந்தார். பிள்ளைகளின் சைக்கிள்களையும் பின்னால் மாட்டினேன்.

தஞ்சோங் மாலிம் தாண்டியதும் ஸ்டீயரிங் லேசாகத் தெரிந்தது. ஓட்டச் சுகமாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன். விரைவுப் பேருந்து ஒன்று எங்களை முந்தியபோது, வண்டி படகுபோல் ஆடியது. பின்னால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு இடது தடத்தை விட்டு நான் நகரவே இல்லை.

ஈப்போவில் ஒரு பட்டறையில் நிறுத்தி, அலைன்மென்ட் பார்க்கச் சொன்னேன். பட்டறை அண்ணன் முதலில் திறந்தது பின்கதவை.

"தம்பி, சீசா பார்த்திருக்கீங்கல்ல? பின்சக்கரம்தான் நடுக்கட்டை. அதுக்குப் பின்னால பாரம் வெச்சா முன்பக்கம் மேல போகும்."

கணக்கு எளிது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் அச்சுக்கு 1.5 மீட்டர் பின்னால் 60 கிலோ வைத்தால், பின் அச்சின் பாரம் 90 கிலோ கூடும். முன் அச்சில் 30 கிலோ குறையும். வண்டியைத் திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்குவதும் முன்சக்கரங்களே. தண்ணீரையும் மறக்கக் கூடாது. 100 லிட்டர் என்றால் 100 கிலோ.

"அப்போ எல்லாத்தையும் இறக்கிட்டு அலைன்மென்ட் செய்யலாமா?" என்றேன். தலையை ஆட்டினார். பாரம் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கும். சக்கரங்களின் கோணமும் மாறும். காலி வண்டிக்குச் சரியாக இருக்கும் அளவு, பயணத்தின்போது தவறாகலாம். ஆகவே மோட்டர்ஹோமுக்கு, வழக்கமாக ஏற்றும் பாரத்தோடுதான் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். அதற்கு முன் பாரத்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

டயரும் பேசும் என்றார். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்தாலோ, கையால் தடவும்போது ரம்பப் பல்போல் உறுத்தினாலோ, அலைன்மென்ட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

புறப்படும் முன் கவனிக்க:

● கனமான பொருள்களைத் தரையோடு, இரு அச்சுகளுக்கும் இடையில் வைத்துக் கட்டுங்கள். மேல் அலமாரியில் துணிமணி போதும்.

● இடம், வலம் இரு பக்கமும் பாரம் சமமாக இருக்கட்டும்.

● டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றை அளந்து பாருங்கள். முழுப் பாரத்துக்கான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரத்தில் ஒட்டப்பட்டிருக்கும்.

● மொத்த எடை அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தாலும், ஓர் அச்சில் மட்டும் பாரம் மிஞ்சலாம். எடை மேடை கிடைத்தால் முன், பின் அச்சுகளைத் தனித்தனியே நிறுத்துப் பாருங்கள்.

தீபாவளிக்கு மூட்டை முடிச்சுகளோடு ஊருக்குப் போகும் எம்பிவிக்கும் இதே கணக்குதான்.

அரைமணி நேரத்தில் அரிசியும் தண்ணீர்ப் பெட்டிகளும் வண்டியின் நடுவே, மேசைக்கு அடியில் கட்டப்பட்டன. சைக்கிள்கள் ஈப்போவில் சித்தி வீட்டில் தங்கின. பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். பிறகுதான் அலைன்மென்ட்.

பினாங்கு போகும் வழியில் இன்னொரு பேருந்து எங்களை முந்தியது. ஸ்டீயரிங் கைக்குள் அடங்கி நின்றது. பின்னால் யாரும் விழிக்கவில்லை.