டிஸ்பென்சரி வாசல் – 6: கேட்டைத் தாண்டாத படிப்பு

தோட்டத்து ஈ.எம்.ஏ., அதாவது தோட்ட மருத்துவ உதவியாளர், யார், அவர் கையில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் முன்னமே வந்தாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் பயிற்சிநெறிகளைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தபோது 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் கையில் அகப்பட்டது. அதற்குப் பிறகு வேறெதிலும் மனம் ஓடவில்லை.

தோட்டத்தில் ஒருவருக்கு நோய் வந்தால் பொறுப்பு யாருடையது? துரையுடையது என்கிறது அந்தச் சட்டம். லயத்தில் யாருக்குச் சுகமில்லை என்று அவர் அறிந்திருக்க வேண்டும். நோய் முற்றினால் மாவட்ட வைத்திய அதிகாரிக்கு ஆள் அனுப்ப வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பராமரிப்பும் ஊட்டமும் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கு 30 நாள் சாப்பாடும் இருப்பிடமும் கொடுக்க வேண்டும். தேயிலை பார்க்கக் கப்பலேறி வந்த மனிதருக்குப் பேதியைப் பற்றியும் பிள்ளைப்பேற்றைப் பற்றியும் என்ன தெரியும்? சம்பளத்துக்கு ஆள் வைத்தார்கள். அந்த டிஸ்பென்சர் ஐயாவின் வாரிசுதான் இன்றைய ஈ.எம்.ஏ.

வம்பு அங்கேதான் தொடங்குகிறது. அவருக்குச் சம்பளம் கொடுப்பது தோட்டம். காலையில் பெரட்டுக்குப் போகாமல் ஒரு பெண் டிஸ்பென்சரி வாசலில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நிற்கிறாள். காய்ச்சலா, கள்ளமா? அவர் எழுதும் சிட்டையைப் பொறுத்தது அவளுடைய அன்றைய கதி. வைத்தியம் பார்ப்பவரே துரைக்காகச் சந்தேகப்படவும் வேண்டும். நமுனுகுலைப் பக்கத்திலிருந்து கொழுந்து லொறியில் நோயாளியைப் பசறை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதா, வேண்டாமா என்பதும் பல காலம் இவர் வாயிலிருந்து வர வேண்டிய சொல்லாகவே இருந்தது.

இத்தனை அதிகாரம் இருந்தும் மேலே ஏற ஒரு படி கிடையாது. வேறொரு சட்டமான மருத்துவக் கட்டளைச் சட்டத்தில் 'தோட்ட அப்போதிக்கரி' என்றே தனி இனம் உண்டு. அரசாங்கத்தின் அப்போதிக்கரிகள் காலப்போக்கில் உதவி மருத்துவ அதிகாரிகளாக, பதிவு பெற்ற மருத்துவ அதிகாரிகளாக உயர்ந்தார்கள். தோட்டத்தில் இருந்தவர் தோட்டத்திலேயே இருந்தார்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு நடை போய்வர அனுமதியுங்கள். 1847இல் வந்து மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் கிறீன், முதலில் ஆங்கிலத்தில்தான் வகுப்பு நடத்தினார். தேறியவர்கள் வெளியூர் உத்தியோகங்களைத் தேடிப் போனார்கள். 1860களில் அவர் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். 'இரண வைத்தியம்', 'கெமிஸ்தம்' என்று பாடநூல்களும் தமிழில் வந்தன. தமிழில் படித்தவன் ஊரை விட்டுப் போகமாட்டான் என்பதும் அவருடைய கணக்குகளில் ஒன்று. நல்ல எண்ணம்தான். ஆனாலும் படித்தவனை ஓர் இடத்தில் கட்டிப்போடும் படிப்பு என்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. கிறீன் அதை அன்பினால் செய்தார். தோட்டத்தில் அது சிக்கனத்தினால் நடந்தது.

இன்றைய நிலை சுருக்கமாக: 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. ஆஸ்பத்திரிகள் சிலவற்றை அரசு எடுத்தது, மற்றவை அப்படியே கிடக்கின்றன. உதவி மருத்துவ அதிகாரிப் பயிற்சியை அரசு நிறுத்திப் பல வருடங்களாகிவிட்டன. ஓய்வு பெறும் ஈ.எம்.ஏ.யின் கதிரைக்குத் தகுதியான ஆள் கிடைப்பது அருமை. ஒருவரே இரண்டு மூன்று தோட்டங்களைப் பார்க்கிறார்.

அந்தக் கதிரைக்காக இன்று ஒரு பிள்ளை படிக்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். அதற்குப் பதிலாக வேறொரு வழி உண்டு: குடும்ப சுகாதார உத்தியோகத்தர் (மருத்துவமாது) பயிற்சி. அது 18 மாதம். ஒரு வருடம் தாதியர் கல்லூரியில், மிகுதி வெளிக்களத்தில். படிக்கும் காலத்திலேயே கொடுப்பனவு உண்டு. உயர்தரத்தில் கலைப்பிரிவில் படித்தவர்களையும் எடுத்ததுண்டு. விஞ்ஞானப் பிரிவுக்கு ஆசிரியர் கிடைக்காத நம் தோட்டப் பாடசாலைகளுக்கு அது பெரிய விஷயம். லயத்துப் படியேறித் தமிழில் பேசக்கூடிய ஒருத்தி நம் மலைகளுக்கு எவ்வளவு தேவை என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தாதியர், மருந்தாளர் பயிற்சிகள் அடுத்த வாரம், நிச்சயமாக. அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். இப்படியான ஆட்சேர்ப்பு அறிவித்தல்களைத் தாங்கிய அரச வர்த்தமானி வெள்ளிக்கிழமை தோறும் வருகிறது, தமிழிலும் வருகிறது. உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் மகளை அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.