ஆய்வுக்கூடப் புட்டிகளும் கணிப்பொறிக் கணக்கும்

சுவாமிமலையில் படிமம் வார்க்கும் பட்டறை எதற்குள் நுழைந்தாலும் உலைக்கு அருகில் ஒரு தராசு இருப்பதைக் காணலாம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவத்தைச் செய்து முடித்ததும், ஸ்தபதி அதை எடை போடுகிறார். மெழுகின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். செம்பு மிகுந்த உலோகக் கலவையின் அடர்த்தியோ அதைப்போல் எட்டு மடங்குக்கும் அதிகம். ஆகவே ஒரு கிலோ மெழுகுக்கு எட்டுக் கிலோவுக்கு மேல் உலோகம் வேண்டும். உருகிய உலோகம் ஓடும் கால்வாய்களில் தங்குவதற்கும் சேர்த்து எடுத்து வைத்த பிறகே உலை மூட்டப்படுகிறது. பாதி வார்ப்பில் உலோகம் போதாமற் போனால், உருகி வழிந்துவிட்ட மெழுகு உருவம் திரும்பி வராது.

கையில் இருப்பது எவ்வளவு? வேண்டியது எவ்வளவு? மீந்தது எங்கே? பட்டறை இந்த மூன்று கேள்விகளுக்கும் உடனே விடை சொல்கிறது. நம் கல்லூரி ஆய்வுக்கூடங்கள் பலவற்றில் அந்த விடை எளிதில் கிடைப்பதில்லை.

ஆண்டு முடிவில் ஒரு துறையின் இருப்பை வேறொரு துறையின் ஆசிரியர் சரிபார்ப்பது கல்லூரிகளில் வழக்கம். இயற்பியல் கற்பிக்கும் எனக்கு ஒருமுறை வேதியியல் துறையின் அலமாரிகள் வாய்த்தன. பதிவேட்டில் வெள்ளி நைட்ரேட் புட்டிகள் மூன்று, அலமாரியில் இரண்டுதான். மூன்றாவது புட்டி, இரண்டு நாள் தேடலுக்குப் பின், வேறோர் அறையின் மேல்தட்டில் முத்திரை உடையாமல் கிடைத்தது. இதற்குள், செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டதென்று, அந்த விலையுயர்ந்த பொருளைப் புதிதாக வாங்கியும் விட்டார்கள். பதிவேடு பொய் சொல்லவில்லை. 'எத்தனை' என்று அது சொன்னது. 'எங்கே' என்று சொல்லவில்லை.

இத்தகைய குறைகளை நீக்கவே ஆய்வுக்கூட இருப்பு மென்பொருள்கள் வந்திருக்கின்றன. அவை பலவகைப்படும். விலையின்றிக் கிடைப்பனவும் உண்டு. ஆண்டுதோறும் சந்தா கேட்பனவும் உண்டு. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது? இதை அறிய, இருப்புக் கணக்கு தவறினால் என்ன நேரும் என்பதை முதலில் பார்ப்போம்.

மறதியின் விலை

தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 1968 முதல் காமாக் கதிர்வீச்சுக் கருவி ஒன்று இருந்தது. அதனுள் இருந்தது கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள். 1985-க்குப் பிறகு கருவியை யாரும் பயன்படுத்தவில்லை. 2010 பிப்ரவரியில் அது பழைய இரும்பாக ஏலத்தில் விற்கப்பட்டது. மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தவர்களுக்கு உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாது. பலர் கதிர்வீச்சுக்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஏப்ரலில் ஒருவர் உயிரிழந்தார்.

கோபால்ட்-60 இன் அரை ஆயுட்காலம் 5.27 ஆண்டுகள். 42 ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டு அரை ஆயுட்காலங்கள் அடங்கும். அதாவது கதிரியக்கம் 256-இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. அந்தச் சிறு பங்கே ஓர் உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருந்தது. பொருளின் ஆற்றல் குறைவதைவிட விரைவாக மனிதரின் நினைவு தேய்ந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

மறதி மட்டுமே கேடு என்றும் சொல்லிவிட முடியாது. லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் 2014 முதல் 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் கிடந்தது. அதை அதிகாரிகள் அறிவார்கள். அதை அகற்றும்படி கடிதங்களும் எழுதப்பட்டன. ஆயினும் அகற்றப்படவில்லை. 2020 ஆகஸ்டு 4-ஆம் நாள் அது வெடித்து 200-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தச் செய்தி வந்த பிறகுதான், சென்னை மணலியில் 2015 முதல் சுங்கத் துறையின் பிடியில் கிடந்த ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் நம் கவனத்திற்கு வந்தது. அதே மாதத்தில் அது ஐதராபாத்துக்கு அனுப்பப்பட்டது.

தில்லியில் பொருள் நினைவிலிருந்தே நழுவிற்று. பெய்ரூட்டில் ஏட்டில் இருந்தும், செயற்பட வைக்க எவருமில்லை. நல்ல இருப்புக் கணக்கு இவ்விரண்டு பிழைகளையும் தடுக்க வேண்டும்.

ஒரு பொருளுக்கு இரண்டு எண்கள்

நூலகத்தில் ஒரே நூலின் ஐந்து படிகள் இருந்தால், ஐந்துக்கும் பொருள்வகை எண் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு படிக்கும் தனித்தனிச் சேர்க்கை எண் உண்டு. வேதிப்பொருள்களுக்கும் இதே முறை தேவை. எப்பொருள் என்று சொல்ல ஓர் எண். எந்தப் புட்டி என்று சொல்ல மற்றோர் எண்.

முதல் எண்ணை நாம் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. அமெரிக்க வேதியியற் கழகத்தைச் சேர்ந்த அமைப்பு ஒன்று 1965 முதல் ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஓர் எண் வழங்கி வருகிறது. அதற்கு சி.ஏ.எஸ். எண் என்று பெயர். புட்டியின் சீட்டிலேயே அது அச்சிடப்பட்டிருக்கும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். பதிவேட்டில் 'சோடியம் கார்பனேட்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. நீரற்ற பொடியும் சோடியம் கார்பனேட்டுதான். பத்து நீர் மூலக்கூறுகளைக் கொண்ட சலவைச் சோடாப் படிகமும் அதே பெயரில்தான் வழங்குகிறது. இரண்டும் வெள்ளை நிறம். முதலாவதன் மூலக்கூறு எடை 106, இரண்டாவதற்கு 286. ஒரு லிட்டரில் 0.1 மோலார் கரைசல் செய்ய நீரற்றதில் 10.6 கிராம் வேண்டும். மாணவர் அதற்குப் பதிலாக அதே எடையில் படிகத்தைப் போட்டால், கரைசலின் வலிமை 0.037 தான் இருக்கும். அவருடைய அளவீடுகள் யாவும் தவறிப்போகும், காரணமும் விளங்காது. ஆனால் எண்கள் ஏமாற்றுவதில்லை. நீரற்றதற்கு 497-19-8, படிகத்திற்கு 6132-02-1.

இந்த எண்ணில் ஓர் அழகான காவலும் அடங்கியிருக்கிறது. கடைசி இலக்கம் சோதனை இலக்கம். அதை விட்டுவிட்டு, மற்ற இலக்கங்களை வலமிருந்து இடமாக 1, 2, 3 என்று பெருக்கிக் கூட்ட வேண்டும். 497-19-8 என்பதை எடுத்துக்கொள்வோம்.

9×1 + 1×2 + 7×3 + 9×4 + 4×5 = 88

கூட்டுத்தொகையின் ஒன்றாம் இலக்கம் 8. அதுவே சோதனை இலக்கம். எழுதுபவர் கைதவறி 497-91-8 என்று எழுதினால் கூட்டுத்தொகை 96 ஆகிறது. 6-உம் 8-உம் ஒவ்வாமையால் பிழை உடனே வெளிப்படும். வாசகர்கள் தம் ஆய்வுக்கூடத்திலுள்ள ஏதாவது ஒரு புட்டியை எடுத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். நல்ல மென்பொருள் இந்தச் சோதனையைத் தானே செய்துவிடும்.

இரண்டாவது எண், புட்டியின் சொந்த எண். ஒரே பொருளின் மூன்று புட்டிகளுக்கு மூன்று எண்கள். அந்த எண்ணோடு அறை, அலமாரி, தட்டு ஆகியவையும் எழுதப்பட வேண்டும். நான் இரண்டு நாள் தேடிய வெள்ளி நைட்ரேட்டுக்கு இப்படி ஒரு வரி இருந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் கிடைத்திருக்கும்.

நம் காவிரிப் பகுதியின் சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931-இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் நான்காவது, படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதாகும். அந்த விதி ஆய்வுக்கூட அலமாரிக்கும் அப்படியே பொருந்தும்.

புட்டிக்கும் வயது உண்டு

நூல் ஐம்பது ஆண்டு அலமாரியில் இருந்தாலும் நூலே. வேதிப்பொருள் அப்படியன்று. ஈதர், புட்டியைத் திறந்த நாள் முதல் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடுகளை உண்டாக்குகிறது. அதை வற்றக் காய்ச்சினால் வெடிக்கலாம். பிக்ரிக் அமிலத்தை நீரோடு ஈரமாகவே வைக்க வேண்டும். உலர்ந்துவிட்டால் அதிர்ச்சியில் வெடிக்கும். டைநைட்ரோபீனைல் ஹைட்ரசீன் என்னும் பொருளும் அத்தகையதே. 2016-இல் பிரிட்டனில் பல பள்ளிகள், தம் அலமாரிகளில் இப்பொருள் உலர்ந்திருக்கலாம் என்று ஐயுற்று, வெடிகுண்டு அகற்றும் படையினரை அழைக்க நேர்ந்தது.

ஆகவே வாங்கிய நாள், திறந்த நாள், மறுபடி சோதிக்க வேண்டிய நாள் ஆகிய மூன்றும் கணக்கில் இருக்க வேண்டும். நம் ஊர்ப் பதிவேடுகளில் முதல் நாள் மட்டுமே காணப்படும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் டெல்டாவின் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கும். அப்போது காஸ்டிக் சோடாப் புட்டியின் மூடி சரியாக இல்லையென்றால் உள்ளிருப்பது கசிந்து கூழாகிவிடும். பதிவேட்டில் 500 கிராம் இருக்கும். பயன்படத் தக்கது ஒன்றும் இராது.

அண்டையில் இருப்பது எது என்பதும் முக்கியம். புட்டிகளை ஆங்கில அகர வரிசையில் அடுக்குவது பல இடங்களில் வழக்கம். அவ்வாறு அடுக்கினால் எரியக்கூடிய அசெட்டிக் அமிலமும், எரிதலைத் தூண்டும் அம்மோனியம் நைட்ரேட்டும் ஒரே தட்டில் வந்து சேரும். பொருளின் குணத்தை அறிந்து, 'இவற்றைப் பிரித்து வை' என்று எச்சரிக்கும் மென்பொருள் நமக்கு மிகவும் உதவும்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

முதல் வகை, கணிப்பொறியின் சாதாரண அட்டவணைக் கோப்பு. இருநூறு புட்டிகள் உள்ள சிறு ஆய்வுக்கூடத்திற்கு இதுவே போதும். ஆயினும் ஒரு வேடிக்கையான இடர் உண்டு. மேலே கண்ட 6132-02-1 என்ற எண்ணை எக்செல் அட்டவணையில் இட்டால், அது கி.பி. 6132-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் என்று எண்ணித் தேதியாக மாற்றிவிடும்! அந்தப் பத்தியை 'எழுத்து' வகையென்று முன்கூட்டியே குறித்துவிட்டால் இது நேராது. நான்கு பேர் நான்கு படிகளை வைத்துக்கொண்டு ஆளுக்கொன்றாகத் திருத்துவது இந்த வகையின் பெரிய குறை.

இரண்டாம் வகை, கல்லூரியின் சொந்தக் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொள்ளும் கட்டற்ற மென்பொருள். பாரிஸ் நகரின் கியூரி ஆய்வு நிலையத்தில் தோன்றிய இலேப்-எப்டிடபிள்யூ, ஜெர்மனியின் கைசர்ஸ்லாட்டர்ன் பல்கலைக்கழகத்தில் உருவான ஓப்பன் என்வென்டரி ஆகியவை இத்தகையன. விலை இல்லை, ஆனால் நிறுவிப் பராமரிக்க விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் மாற்றலாகிப் போனாலும் தொடர்ந்து நடத்த ஏற்பாடு வேண்டும்.

மூன்றாம் வகை, இணையத்தின் வழி சந்தாவுக்குக் கிடைப்பது. பராமரிப்புத் தொல்லை இல்லை. சந்தா கட்டத் தவறினால் கணக்கு என்னாகும் என்பதை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எந்த வகையானாலும் பின்வரும் கேள்விகளைக் கேட்கலாம்.

1. ஒவ்வொரு புட்டிக்கும் தனி எண்ணும் இடமும் தர முடியுமா?

2. மின்சாரமோ இணையமோ இல்லாத வேளையில் எழுதி வைத்துப் பின்னர் சேர்க்க வழி உண்டா?

3. யார், எப்போது, எதை மாற்றினார் என்ற தடம் அழியாமல் இருக்குமா?

4. நாள் கடந்த பொருளைப் பற்றிய எச்சரிக்கை, பெயர் குறித்த ஒருவருக்குச் செல்லுமா? அவர் ஒன்றும் செய்யாவிட்டால் அடுத்தவருக்குச் செல்லுமா? பெய்ரூட்டின் பாடம் இதுவே.

5. ஒரு பொருளைக் கணக்கிலிருந்து நீக்கும்போது, அது எங்கே போயிற்று, யார் அனுமதித்தார் என்று கேட்குமா? தில்லியின் பாடம் இது.

6. மென்பொருள் நின்றுபோனால், எல்லா விவரங்களையும் வேறெதிலும் திறக்கக்கூடிய எளிய கோப்பாக எடுத்துக்கொள்ள முடியுமா?

ஆறுக்கும் 'ஆம்' என்று விடை வந்தாலும் உடனே வாங்கிவிடக் கூடாது. இருபது புட்டிகளைக் கொண்டு ஒரு வாரம் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைச் செய்ய வேண்டியவர் பேராசிரியர் அல்லர். நாள்தோறும் புட்டிகளை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வைக்கும் ஆய்வுக்கூட உதவியாளரே. முப்பது மாணவர்கள் வரிசையில் நிற்கும்போது, கைப்பேசியால் புட்டியின் குறியைப் படித்து, எடுத்த அளவை அரை நிமிடத்தில் அவர் பதிய முடிகிறதா? திரையில் உள்ள சொற்கள் அவருக்கு விளங்குகின்றனவா? முடியவில்லை என்றால், எத்தனை சிறப்புகள் இருந்தாலும் அந்த மென்பொருள் வேண்டாம். முதல் மாதம் பதிவார்கள்; அடுத்த மாதம் 'அப்புறம் எழுதலாம்' என்பார்கள்; ஆண்டு முடிவில் திரையில் ஒரு கணக்கும் அலமாரியில் வேறொரு கணக்கும் இருக்கும். தவறான கணக்கு, கணக்கே இல்லாததைவிடத் தீங்கானது. ஏனெனில் அதை நாம் நம்பிவிடுகிறோம்.

சுவாமிமலைப் பட்டறையில் தராசு கணக்கரின் அறையில் இல்லை. உலைக்கு அருகில், பொருளைக் கையாளுபவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனால்தான் அதன் கணக்கு தவறுவதில்லை. நாம் தேர்ந்தெடுக்கும் மென்பொருளும் அவ்வாறே, அலமாரிக்கு அருகில், புட்டியைத் தொடுபவரின் கையில் இருக்க வேண்டும்.