பைப்லைனில் விழுந்த ஒடுக்கு: கம்ப்யூட்டர் எப்படி அளக்கிறது?

கம்ப்யூட்டர் வாங்கியதும் பாட்டு, படம், இன்டர்நெட், எக்ஸெல் என்று ஒவ்வொன்றாகப் பழகி வருகிறீர்கள். அதே எக்ஸெலில் போடக்கூடிய ஒரு சின்னக் கணக்கு, பெட்ரோல் ஓடும் குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டுமா, விட்டுவிடலாமா என்று முடிவு செய்யவும் பயன்படுகிறது. பைப்லைன் சோதனையில் கிடைக்கும் டேட்டாவைத் திரையில் காட்டும் சாப்ட்வேர் எழுதுவது என் வேலை. அதில் ஒரு பகுதியை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஒடுக்கு ஏன் விழுகிறது?

பித்தளைச் சொம்பு கீழே விழுந்தால் ஒடுக்கு விழுகிறதல்லவா? மண்ணுக்குள் புதைத்த எஃகுக் குழாயிலும் அப்படி விழும். அடியில் கிடக்கும் பாறை அழுத்தினால் குழாயின் அடிப்பக்கம் உள்வாங்கும். பின்னாளில் யாராவது பொக்லைன் வைத்துத் தோண்டும்போது அதன் பல் பட்டால் பெரும்பாலும் மேல்பக்கம் ஒடுங்கும்.

இரண்டில் மேல்பக்க ஒடுக்குதான் கவலை தருவது. பாறை அங்கேயே இருந்து குழாயைத் தாங்கிப் பிடிக்கிறது. பொக்லைனோ இடித்துவிட்டுப் போய்விடும். குழாயில் அழுத்தம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த இடம் வெளியே தள்ளி உள்ளே வாங்கும். கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவது போல, நாளடைவில் விரிசல் விழும். பல் கீறிய கோடும் இருந்தால் விரிசல் அங்கிருந்தே தொடங்கும்.

உள்ளே போகும் கருவி

குழாயைத் தோண்டாமல் சோதிக்க 'பிக்' என்ற கருவியை உள்ளே விடுகிறார்கள். ஓடும் எண்ணெயே அதைத் தள்ளிக்கொண்டு போகும். காலிப்பர் பிக்கில் சுற்றிலும் விரல் போன்ற கம்பிகள் இருக்கும். அவை குழாய்ச் சுவரைத் தடவிக்கொண்டே போகும். ஒடுக்கு வந்தால் கம்பி மடங்கும்; எவ்வளவு மடங்கியது என்பதை சென்சார் பதிவு செய்யும். கூடவே ஒரு சக்கரம் தூரத்தைக் கணக்கிடும். காந்தத்தால் சோதிக்கும் இன்னொரு வகை பிக், சுவர் தேய்ந்த இடங்களையும் உலோகம் குறைந்த இடங்களையும் காட்டும்.

பிக் வெளியே வந்ததும் டேட்டாவைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். இடத்தைக் கடிகார முறையில் சொல்வோம். 12 மணி என்றால் குழாயின் உச்சி. 6 மணி என்றால் அடி.

நீங்களே செய்து பாருங்கள்

எக்ஸெலைத் திறந்து ஏ1 கட்டத்தில் ஒடுக்கின் ஆழம் 10 என்றும், பி1 கட்டத்தில் குழாயின் விட்டம் 406.4 என்றும் டைப் செய்யுங்கள். இரண்டும் மில்லிமீட்டரில். இது 16 அங்குலக் குழாய். சி1 கட்டத்தில் சமக்குறி போட்டு, ஏ1-ஐ பி1-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். விடை சுமார் 2.46%.

இதை வைத்து என்ன முடிவு செய்வது? அமெரிக்காவில் பெட்ரோலியத் திரவக் குழாய்களுக்கான விதிகளின்படி, மக்கள் வசிக்கும் இடம் போன்ற முக்கியப் பகுதிகளில்:

* மேல்பக்கம், கீறல் ஏதும் இல்லை: 2 சதவீதத்தைத் தாண்டியதால் 180 நாளுக்குள் சரி செய்ய வேண்டும்.
* மேல்பக்கம், விரிசலோ உலோக இழப்போ தெரிகிறது: உடனே சரி செய்ய வேண்டும்.
* அடிப்பக்கம், கீறல் இல்லை, வெல்டிங்கிலும் இல்லை: 6 சதவீதத்தைத் தாண்டாததால் இந்தக் கெடு எதுவும் இல்லை.

ஆழம் ஒன்றுதான், முடிவு மூன்று. ஒடுக்கின் வடிவமும் முக்கியம். 8 மி.மீ. தடிப்புள்ள இதே குழாய், 500 மி.மீ. ஆரத்தில் மெதுவாக உள்வளைந்தால் சுற்றுவாக்கில் எஃகு சுமார் 2.8% இழுபடும். 100 மி.மீ. ஆரத்தில் கூர்மையாக வளைந்தால் சுமார் 6% இழுபடும். ஆழத்தை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

பெல்லிங்ஹாம், 1999

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பெல்லிங்ஹாம் என்ற ஊர் இருக்கிறது. 1994-ல் அங்கே தண்ணீர் சுத்திகரிப்பு நிலைய வேலைக்குத் தோண்டியபோது, ஒலிம்பிக் நிறுவனத்தின் 16 அங்குல பெட்ரோல் குழாய் அடிபட்டது. 1996-லும் 1997-லும் பிக் விட்டுச் சோதித்தார்கள். அந்தப் பகுதியில் குறை இருப்பதற்கான அடையாளங்கள் பதிவாயின. ஆனால் தோண்டிப் பார்க்கவில்லை.

1999 ஜூன் 10 அன்று குழாயில் அழுத்தம் ஏறியது. அடிபட்ட இடத்தில் குழாய் வெடித்தது. சுமார் 2,37,000 கேலன் பெட்ரோல் ஓடையில் கலந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துத் தீப்பிடித்தது. 10 வயதுச் சிறுவர்கள் இருவரும் 18 வயது இளைஞர் ஒருவரும் இறந்தார்கள்.

அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2002-ல் தந்த அறிக்கை, பிக் டேட்டாவைச் சரியாக மதிப்பிடாததைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. இன்னொரு காரணம் கம்ப்யூட்டர் தொடர்பானது. பைப்லைனை இயக்கிக்கொண்டிருந்த ஸ்காடா சிஸ்டத்திலேயே டேட்டாபேஸ் வேலையும் நடந்தது. அவசர நேரத்தில் சிஸ்டம் பதில் தராமல் நின்றுவிட்டது.

டேட்டா இருந்தால் போதுமா?

போதாது. காலிப்பர் பதிவு, காந்தப் பதிவு, வெல்டிங் இருக்கும் இடம், அருகில் யார் எப்போது தோண்டினார்கள் என்ற குறிப்பு ஆகியவற்றை ஒரே திரையில், ஒரே தூர அளவில் பொருத்திப் பார்க்க வேண்டும். எங்களைப் போன்றவர்கள் எழுதும் சாப்ட்வேரின் பெரும்பகுதி வேலை இந்தப் பொருத்தம்தான். சந்தேகம் இருக்கும் இடத்தைச் சாப்ட்வேர் சிவப்பில் காட்டும். மண்வெட்டியை எடுக்கச் சொல்ல வேண்டியவர் பொறியாளர்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. முக்கியமான வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது அதே கம்ப்யூட்டரில் புதிய சாப்ட்வேரை நிறுவிச் சோதிக்காதீர்கள். முதலில் வேலையைச் சேமித்து, பேக்கப் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு சோதியுங்கள்.