ஆலை நகரில் சிறுபொழுது

பொழுதைப் பெரும்பொழுது எனவும் சிறுபொழுது எனவும் பகுத்து, நிலத்தோடு சேர்த்து முதற்பொருளாக வைத்தது தமிழ் இலக்கண மரபு. சிறுபொழுது ஆறு எனக் கொள்வார் ஒவ்வொன்றற்கும் 10 நாழிகை அளப்பர். 60 நாழிகை ஒரு நாளாகும். இப்பகுப்பு ஞாயிற்றின் செலவைத் தழுவியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்து ஆலை நகரங்கள் இதற்கு வேறானதொரு பொழுதை அறிந்தன. அஃது எத்தகையது, தொழிலாளர் வாழ்வை எவ்வாறு மாற்றியது என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

வயற்பொழுது

பெரியகுளம் வட்டத்துத் தேவதானப்பட்டியை எடுத்துக்கொள்வோம். இறைவனுக்கு அளிக்கப்பெற்ற நிலத்தைக் குறிக்கும் ‘தேவதானம்’ என்னும் சொல் அதன் பெயரிலேயே உள்ளது. இத்தகைய வேளாண் ஊர்களில் நிழலின் நீளமே நேரத்தைக் காட்டியது. நீர் இறைப்போர் சால்களை ஏற்றப்பாட்டால் எண்ணினர். பண்ணை வேலை எளிது என்று நாம் கூறவில்லை; அதன் கடுமையை அறிவோம். ஆயினும் அவ்வுழைப்பு மழையையும் வெயிலையும் பயிரின் பருவத்தையும் ஒட்டி ஏறியும் இறங்கியும் வந்தது.

மதுரையும் சங்கும்

இவ்வூர்க்கு அண்மையிலுள்ள பெருநகர் மதுரை. ஆடி, சித்திரை, மாசி எனத் திங்கட்பெயர்களைத் தெருப்பெயர்களாகக் கொண்டு, திருவிழாக்களால் ஆண்டை அளந்த நகர் அது. அங்குப் புகைவண்டி நிலையத்தை அடுத்து, ஹார்வி உடன்பிறந்தாரின் நூற்பாலை 1892-இல் இயங்கத் தொடங்கியது. 1895-இல் பெரியாற்று அணையின் நீர் கம்பம் பள்ளத்தாக்கின் வழியே வைகையை அடைந்தது. சில ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இவ்விரண்டனுள் ஒன்று வயலின் பருவத்தை மாற்றியது. மற்றொன்று நகரின் நாளை மாற்றியது.

ஆலையின் நீராவி ஊதலுக்கு மக்கள் இட்ட பெயர் ‘சங்கு’ என்பதாகும். கோயிலிலும், மங்கல அமங்கல நிகழ்ச்சிகளிலும் ஒலித்த கருவியின் பெயர் ஆலைக்குப் பெயர்ந்தமை சொற்பொருள் மாற்றத்திற்கு நல்லதொரு சான்று. முல்லைப்பாட்டில், நாழிகை அளப்போர் பாசறையில் அரசனுக்குப் பொழுது அறிவிக்கின்றனர். அங்கு அறிவிப்பைக் கேட்பவன் தலைவன். ஆலைச் சங்கைக் கேட்பவனோ அதற்கு ஆட்பட்டவன்.

சட்டம் அளந்த நாழிகை

ஆடவர்க்கு வேலைநேர வரம்பு 1911-ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே முதன்முதல் ஏற்பட்டது. நூல், நெசவு ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணி என்பது அவ்வரம்பு. நம் கணக்கில் இது 30 நாழிகை. காலை, நண்பகல், எற்பாடு என்னும் மூன்று சிறுபொழுதும் ஆலைக்கே உரியனவாயின. மாலையும் யாமமும் வைகறையுமே தொழிலாளிக்கு எஞ்சின. உறக்கமும் சமையலும், ஆலைக்கு நடந்து சென்று மீளும் நேரமும் அவற்றுள்ளேயே அடங்கவேண்டும். குழந்தைகள் விழித்திருக்கையில் அவர்தம் முகத்தைக் காண்பதும் தந்தைக்கு அரிதாயிற்று.

பொழுதுக்கான போராட்டம்

ஆதலின் அக்காலத் தொழிலாளர் கிளர்ச்சிகளில் கூலியோடு பொழுதும் கோரிக்கையாக நின்றது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர், வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஊக்கியதால் வேலைநிறுத்தம் செய்து, ஊதிய உயர்வோடு ஞாயிறு விடுமுறையையும் பெற்றனர். அமெரிக்க நாட்டு ஆலை நகராகிய லாரன்சில் 1912-இல் எழுந்த பெருங்கிளர்ச்சிக்கும் பொழுதே காரணம். பெண்டிர், சிறாரின் வார வேலைநேரத்தைச் சட்டம் 56 மணியிலிருந்து 54 மணியாகக் குறைத்தது. முதலாளிகள் அதற்கேற்பக் கூலியைக் குறைத்தனர். 20,000-க்கும் மேற்பட்டோர் வேலையை விட்டு வெளியேறினர்.

சென்னைப் பெரம்பூரில், பின்னி நிறுவனத்தின் ஆலைகளில் அரை மணி உணவு இடைவேளை முதன்மைக் குறையாக விளங்கிற்று. ஒன்றேகால் நாழிகைக்குள் உண்டு மீள்வது எங்ஙனம்? சமயச் சொற்பொழிவுகள் நிகழ்ந்த வேங்கடேச குணாமிர்த வர்ஷணி சபையின் செல்வபதி செட்டியாரும் இராமாநுஜுலு நாயுடுவும் இக்குறையைக் கேட்டறிந்தனர். முன்னர்த் தமிழாசிரியராக இருந்த திரு. வி. க. அங்குத் தொழிலாளரிடை உரையாற்றினார். 1918 ஏப்ரல் 27-இல், பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. இடைவேளையும் 40 நிமிடமாக உயர்ந்தது. பத்து நிமிடம் சிறிதெனத் தோன்றலாம். ஆயின் ஆலை கொண்ட பொழுதில் ஒரு பகுதியைத் தொழிலாளர் மீட்டனர் என்பதே அதன் பொருள்.

இவ்வொற்றுமை எளிதில் நிலைக்கவில்லை. 1921-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தில் தொழிலாளர் சாதிவழிப் பிளவுண்டனர். கலவரமும் துப்பாக்கிச் சூடும் நிகழ்ந்தன. ஒரே சங்கொலி எல்லோரையும் ஒருசேர அழைத்தது. அவர்தம் தெருக்களையோ அது இணைக்கவில்லை.

முடிவுரை

நாள் வேலையின் உச்ச வரம்பு 1922-இல் 11 மணியாகவும், 1934-இல் 10 மணியாகவும், 1946-இல் 9 மணியாகவும் குறைந்தது. சட்டம் குறைத்த ஒவ்வொரு மணிக்கும் இரண்டரை நாழிகை தொழிலாளியின் இல்லத்திற்கு மீண்டது. திணைதோறும் பொழுதை வகுத்துக் காட்டிய மரபினராகிய நாம், ஆலைப்பொழுதையும் ஆய்வுப் பொருளாகக் கொள்ளுதல் வேண்டும். அவ்வாய்வுக்குக் காப்பியமும் தனிப்பாடலும் போதா. தொழிலாளர் கூட்டச் சொற்பொழிவுகளும், அக்காலச் செய்தித்தாள்களும், ‘சங்கு’ போன்ற பேச்சுவழக்குச் சொற்களும் அதற்குரிய சான்றுகளாம்.