கழுத்து இல்லை, கை இல்லை

ஆவடி செக்போஸ்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி என் வீடு. முன்னறைதான் தையற்கடை. ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூடப் பையில் ஜிப் மாற்றுவது, தீபாவளிக்கு முன் பத்து நாள் தூக்கமில்லாமல் கிடப்பது என்று இருபது வருடமாக ஓடுகிறது பிழைப்பு. 2022-ல் ஒரு ஞாயிறு சாயங்காலம், பின்தெருப் பையன் போர்வையில் சுற்றிய எதையோ கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வந்தான். காலேஜில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருக்கிறவன். ஏரோமாடலிங், அதாவது சின்ன விமானம் கட்டிப் பறக்கவிடுவதும் அங்கே பயிற்சியில் ஒன்று. அந்தக் கிறுக்கு இவனுக்கு நன்றாகவே பிடித்திருந்தது.

“அக்கா, இதுக்கு ஒரு உறை தைக்க முடியுமா?”

பிரித்தால், விமான இறக்கை. இரண்டு பாதி. பொம்மைதானே என்று தூக்கப் போனேன். “கட்டைவிரல் வைக்காதீங்கக்கா!” என்று கத்தினான். அதற்குள் வைத்துவிட்டேன். மேலே ஒட்டியிருந்த சிவப்புத் தாள் ‘பொத்’தென்று உள்ளே போய்விட்டது.

தாள் இல்லையாம் அது. இஸ்திரிப்பெட்டியால் தேய்த்து ஒட்டுகிற பாலியெஸ்டர் ஃபிலிம். சூட்டில் சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். அதற்கு அடியில் மீன் முள் வரிசை போல மெல்லிய பலகைகள், அவற்றைக் கோத்துக்கொண்டு நெடுக ஒரு குச்சி, அவ்வளவுதான். பலகை பால்சா மரம். ஈக்வடார் நாட்டிலிருந்து அதிகம் வருவது. தேக்கின் எடையில் கால் பங்குதான் இருக்கும்.

“இவ்வளவு நோஞ்சானா இருந்தா எப்படிப்பா பறக்கும்?” என்று கேட்டேன். ஓட்டை போட்ட கூச்சத்தை மறைக்கக் கேட்டதுதான். ஆனால் அவன் சொன்ன கணக்கு என்னை உட்கார வைத்தது. விமானம் மொத்தம் ஒன்றரைக் கிலோ. இறக்கை இரண்டு பாதியும் சேர்த்து 150 சென்டிமீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம். பறக்கும்போது அந்த ஒன்றரைக் கிலோ இவ்வளவு பரப்பிலும் பரவுகிறது. வகுத்துப் பார்த்தால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு அரை கிராம்கூட வராது. என் கட்டைவிரல் ஒரு கிலோ அழுத்தியிருந்தால், காற்று தருகிற பாரத்தைப் போல ஆயிரம் மடங்கு, அதுவும் ஒரே இடத்தில். காற்றுக்கென்று கட்டிய பொருள் அது. வழியிலே படுகிற விரலுக்கும் முழங்காலுக்கும் சுவர் முனைக்கும் ஆணிக்கும் கட்டினதில்லை.

அந்த வழியும் சின்ன வழி இல்லை. ஆவடியில் விமானப்படை நிலையம் இருக்கிறது, டாங்கித் தொழிற்சாலை இருக்கிறது. 2021 ட்ரோன் விதிகளுக்குப் பிறகு எங்கே பறக்கவிடலாம் என்பதற்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வரைபடமே உண்டு. சிவப்பில் மத்திய அரசு அனுமதி இல்லாமல் எதையும் கிளப்ப முடியாது. அதனால் இந்தப் பையன்கள் திருநின்றவூரையும் தாண்டி, அறுப்பு முடிந்த வயல் தேடிப் போகிறார்கள். கார் இல்லை. பைக். பின்னால் உட்கார்ந்தவன் இறக்கையைக் குறுக்கே பிடித்தால் காற்று வாங்கி வண்டி ஆடுகிறது. நெடுக்கே பிடித்தால் ஓட்டுகிறவன் முதுகில் இடிக்கிறது. வானத்தில் உடைந்ததைவிட ரோட்டில் உடைந்ததுதான் அதிகம் என்றான்.

முதல் உறையை நான் கெடுத்தேன். டேப்பைப் போட்டு நீளம், அகலம் எடுத்தவள் கனத்தை மறந்தேன். மார்புச் சுற்றளவைச் சுற்றி எடுக்காமல் முன்பக்கம் மட்டும் அளந்தது மாதிரி! பிறகு நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அதை டேப்பில் வைத்து அளந்து, ஒன்றரை அங்குலம் லூஸ் விட்டேன். அதற்கு மேலே விட்டால் இறக்கை உள்ளே நடமாடும், நடமாடினால் உரசும். அடுத்த தப்பு, தலையணை உறை மாதிரி ஒரு முனையில் வாய் வைத்தது. இறக்கையின் அடியில் பின்மடலை அசைக்கிற மோட்டாருக்கு ஒரு சின்னக் கொம்பு துருத்திக்கொண்டு நிற்கும். உள்ளே தள்ளும்போது அது லைனிங்கில் மாட்டி, இழுத்தான், கிழிந்தது. இரண்டாவது உறையை நீளவாட்டில் திறக்கிற மாதிரி, கல்யாண ஆல்பம் பிரிப்பது போலத் தைத்தேன். இரண்டு பாதியும் கொம்பு உள்பக்கம் பார்க்கப் படுத்திருக்கும். நடுவில் தடித்த ஃபோம், கொம்பு வருகிற இடத்தில் ஓட்டை.

துணி வாங்க ஆவடியில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்கிக் கோடவுன் தெருவுக்கு நடந்தேன். பாராசூட் துணி என்று கடைக்காரர்கள் சொல்கிற நைலான், வெளிர் சாம்பல் நிறம். பையன் கறுப்பு கேட்டான், அழுக்குத் தெரியாது என்று. மே மாத வெயிலில் கறுப்புப் பையை வயல்வெளியில் வைத்துப் பார், உள்ளே ஃபிலிம் தளர்ந்து சுருக்கம் விழும், இறக்கையே லேசாக முறுக்கிக்கொள்ளும். முறுக்கின இறக்கை விமானத்தை ஒரு பக்கமாகச் சாய்க்கும் என்று அவனே சொன்ன பாடத்தை அவனுக்கே திருப்பிச் சொன்னேன். நடு அடுக்குக்கு, கூரைத் தகரத்துக்கு அடியில் ஒட்டுகிற வெள்ளி நிற பபிள் ஷீட். அம்பத்தூரில் ஷெட் வேலை பார்க்கிற அவன் மாமா மிச்சத் துண்டு கொண்டுவந்து தந்தார். வேலைக்கு முழுசாகப் போதவில்லை. பாக்கிக்கு ஃப்ரிட்ஜ் பெட்டியில் வருகிற வெள்ளை ஃபோம்.

உள் அடுக்குக்குத்தான் நிறைய யோசித்தேன். புதுத் துணி எதுவும் சரிப்படவில்லை. கஞ்சி விறைப்பு ஃபிலிமில் கீறல் போடுகிறது. அப்பா கட்டிக் கட்டி நைந்த வேட்டி ஒன்று கண்ணில் பட்டது. இருநூறு தடவை துவைத்த பருத்திக்கு இணையான மெத்து எந்தக் கடையிலும் இல்லை. ஓரத்து ஜரிகையை மட்டும் வெட்டி எறிந்துவிட வேண்டும், அது அரம்.

அப்பா ஓ.சி.எஃப்-பில், அதாவது இராணுவத்துக்குச் சீருடை தைக்கிற ஆவடித் தொழிற்சாலையில் டெய்லராக இருந்து ஓய்வு பெற்றவர். 2021 அக்டோபரில் அது ‘ட்ரூப் கம்ஃபர்ட்ஸ்’ என்ற கம்பெனியின் கீழ் வந்ததும், “கம்பெனி பேரிலேயே கம்ஃபர்ட் வந்துடுச்சு” என்று சிரித்தவர். ஈசிசேரில் இருந்தபடியே என் தையலைப் பார்த்தார்.

“என் வேட்டியை ஏரோப்ளேனுக்குப் போட்டாச்சா? சரி. ஆனா தையல் ஏன் இவ்வளவு நெருக்கம்? ஃபோம் தபால்தலை மாதிரி கிழிஞ்சிடும்மா.”

உண்மைதான். ஊசித் துளைகள் நெருங்கினால் துளை வரிசையிலேயே ஃபோம் பிய்ந்து வரும். பெரிய தையலாக வைத்து, பதினாறாம் நம்பர் ஊசி மாட்டினேன். மிஷின் பாதம் ஃபோமில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தபோது, மேலே செய்தித்தாளைக் கீற்றாக வைத்துத் தைத்துப் பிறகு கிழித்தெடுக்கச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். துணி விளிம்பு உள்ளே துருத்தாதபடி ஓரம் முழுக்க நாடா வைத்து மூடினேன்.

வெல்க்ரோவில் பஞ்சுப் பக்கம், முள் பக்கம் என்று இரண்டு உண்டு. உறையைத் திறக்கும்போது இறக்கை மேல் புரளுகிற மடிப்பில் எப்போதும் பஞ்சுப் பக்கம்தான் இருக்க வேண்டும். இரண்டு பாதியையும் இணைக்கிற அலுமினியக் குழாய்க்கு வெளியே தனிப் பாக்கெட். உள்ளேயே போட்டு வைத்து, அது உருண்டு இரண்டு இடத்தில் குத்திய பிறகு வந்த ஞானம் இது.

மேலே இரண்டு வளையம் வைத்தேன், ஆணியில் மாட்ட. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பக்கம் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். பையன் வீட்டில் கட்டில் நனைந்தது, இறக்கை சுவரில் தொங்கியது. ஆனால் ஒரு வாரம் கழித்துத் திறந்தால் உள்ளே பூஞ்சை வாடை. நைலான் தண்ணீரை உள்ளே விடாது; ஈரக்காற்றை வெளியேயும் விடாது. அதற்குப் பிறகு அடியில் நான்கு ஐலெட் ஓட்டை அடித்தேன். செருப்பு டப்பாவில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை இப்போது தெருவே எனக்குச் சேர்த்துத் தருகிறது.

இதுவரை ஏழு உறை தைத்துவிட்டேன், பூந்தமல்லியிலிருந்துகூட ஒருவர் வந்தார். ஜாக்கெட்டுக்கு வாங்குகிற கூலியைவிட நூறு ரூபாய்தான் அதிகம் கேட்கிறேன். நேரத்தைப் பார்த்தால் நஷ்டம்.

போன வாரம் பையன் மறுபடி வந்தான். விமானம் மூக்கு குத்தி விழுந்ததாம்.

“இறக்கை?”

“அதுக்கு ஒண்ணும் ஆகலக்கா. கழட்டி உறையில போட்டுட்டேன். வரும்போது பைக்ல வால்தான் உடைஞ்சுது. அதுக்கு உறை இல்லல்ல.”

நோட்டை எடுத்தேன். எதிர்வீட்டு மருமகளின் ஜாக்கெட் அளவுக்குக் கீழே எழுதினேன். வால். நீளம் 18, அகலம் 6. கழுத்து, கோடு. கை, கோடு.