ஆளோலை: தடுத்தாட்கொண்ட புராணத்தில் ஓர் அடிமை ஆவணத்தின் வடிவும் வழக்கும்

ஓலையில் எழுதப்பட்டவை அனைத்தையும் சுவடி என ஒரே சொல்லால் சுட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. துளையிட்டுக் கயிறு கோத்து, இருபுறமும் சட்டம் வைத்துக் கட்டிய கையாக்க நூலே சுவடி. பலர் பலமுறை அவிழ்த்துப் படிப்பதற்கும் படியெடுப்பதற்கும் உரியது. ஆவண ஓலையின் இயல்பு வேறு. அது காத்து வைக்கப்படுவது. பெரும்பாலும் வழக்கு எழும்போதே விரிக்கப்படுவது. ஒரு மனிதரையும் அவர் வழித்தோன்றல்களையும் பிறர் உடைமையாக்கிய அடிமை ஓலை இவ்வகையைச் சார்ந்தது. சுவடியியல் இலக்கியக் கட்டுகளுக்குக் காட்டிய அக்கறையை இவ்வகை ஓலைகளுக்குக் காட்டவில்லை என்றே கூற வேண்டும்.

இத்தகைய ஓலை எவ்வாறு ஆளப்பட்டது என்பதை 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் தடுத்தாட்கொண்ட புராணத்தில் விரிவாகக் காட்டுகிறார். வழக்கு நடந்த ஊர் திருவெண்ணெய்நல்லூர். நடுநாட்டைச் சேர்ந்த அவ்வூரும், தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலமாகிய திருவக்கரையும் இன்று விழுப்புரம் மாவட்டத்துள் அடங்கும். திருவக்கரையில் மரமே கல்லாகிக் கிடக்கிறது. ஓலைக்கு அப்பேறு இல்லை. செல்லும் ஈரமும் தின்றவை போக எஞ்சியவை சிலவே. ஆதலின் சேக்கிழாரின் சித்திரிப்பைப் பக்திக் கதையாக மட்டுமன்றி ஆவண வரலாற்றுச் சான்றாகவும் வாசிக்க இடமுண்டு.

திருமணப் பந்தலில் முதிய அந்தணர் வடிவில் வந்த இறைவன், சுந்தரர் தமக்கு அடிமை என்கிறார். அந்தணர் மற்றோர் அந்தணருக்கு அடிமையாதல் இல்லை என்பது சுந்தரரின் முதல் மறுப்பு. அடிமை முறையே இல்லை என்று அவர் மறுக்கவில்லை என்பது கருதத்தக்கது. ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிபட்டது படியோலை, மூல ஓலை தம்மிடம் உள்ளது என்று முதியவர் அவையில் உரைக்கிறார். மூலத்தைப் பாதுகாத்துப் படியை வெளியே கொண்டுசெல்லும் நடைமுறை கேட்போர் அறிந்ததாக இருந்தாலன்றி இத்திருப்பம் பொருள்படாது.

அவையத்தார் ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு கேட்கின்றனர். ஓலை வருகிறது. கரணத்தான் அதை வாங்கி, சுருண்ட மடிப்பை நீக்கி விரித்து, முதலில் அதன் பழமையைப் பார்க்கிறான், பின்னரே படிக்கிறான். எழுதப்பட்ட செய்திக்கு முன்பாக ஓலை என்னும் பொருளே சோதிக்கப்படுவது இங்கு நுட்பமானது. எழுதிக் கொடுத்தவர் பெயர், பெறுபவர் பெயரும் ஊரும், தானும் தன் மரபினரும் வழிவழித் தொண்டு செய்வதற்கான இசைவு, இது தன் எழுத்து என்னும் உறுதி ஆகிய உறுப்புகள் அதில் அமைந்துள்ளன. சாட்சிகள் தம் எழுத்தை ஒப்புகின்றனர். அதன் பிறகும் அவை நிறைவடையவில்லை. பாட்டனார் கைப்பட எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிடத்திலிருந்து வருவித்து, இரண்டையும் ஒப்புநோக்கிய பின்பே சுந்தரர் தோற்றதாகத் தீர்ப்பளிக்கிறது. தாம் பிறப்பதற்கு முன் எழுதப்பட்ட ஓர் ஏட்டினால் பெயரன் கட்டுண்கிறார்.

இறைவனுக்கு ஆளாதல் பேறு என்னும் கொள்கை, இக்காட்சியின் சட்ட முகத்தை நம் கண்ணிலிருந்து மறைத்துவிட்டது. சேக்கிழார் காலத்தை ஒட்டிய கல்வெட்டுகளை அருகில் வைத்தால் அம்முகம் தெளிவுறும். திருப்பாம்புரத்தில் 1201ஆம் ஆண்டு, காசுக்கு மூன்று நாழி நெல் விற்ற பஞ்சத்தில், வேளாளர் ஒருவரும் அவர் மகளிர் இருவரும் 110 காசுக்குக் கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்டனர். அன்றைய விலைக்கு அது 330 நாழி நெல். சிவன் கோயில் அடிமைகளுக்குச் சூல இலச்சினை பொறிக்கும் வழக்கமும் இருந்தது. அங்கே உடலே ஆவணமாயிற்று; அதில் படி, மூலம் என்னும் வேறுபாடு இல்லை, கிழித்தெறியவும் இயலாது.

சுந்தரருக்கு வாதிட அவை கிடைத்தது. பாட்டனாரின் கையெழுத்தும் காப்பிடத்தில் இருந்தது. உழுகுடி அடிமைகளுக்கு இவ்விரண்டும் வாய்த்திருக்கும் எனக் கொள்ள இயலாது. நாஞ்சில் நாட்டு முதலியார் ஓலைகளில் அடிமை விற்பனை பற்றியவையும் உள்ளன. அவற்றில் ஆள் விற்கப்படும் பொருள். பத்திரம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடைப்பட்டது. பெரியபுராண ஓலையோ ஆளாவோனே எழுதிக் கொடுத்தது. இவ்விரு வகைகளையும் ‘அடிமை ஓலை’ என ஒன்றாக்கிப் பேசுவது ஆய்வுக்கு உதவாது. ஆ. சிவசுப்பிரமணியன் தமிழக அடிமை முறை குறித்து எழுதியுள்ள நூல் இத்துறையில் முன்னோடியானது. ஓலையின் புறவடிவம், மடிப்பு, கையொப்பம், காப்பிடம் ஆகியவற்றை முன்வைத்த ஆய்வு அதனைத் தொடர வேண்டும்.

இந்தியாவில் 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை வைத்திருப்பதை நேராகத் தண்டிக்கவில்லை. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் நிலைநாட்டக் கூடாது என்றே விதித்தது. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் பின்னரே ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமாயின. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓலைகள் உடையவர் வீட்டுப் பெட்டிகளிலேயே இருந்தன; அவற்றை விரித்துக் காட்டத்தான் அவை இல்லாமற் போயிற்று.